பெற்றோர் கையெழுத்து: என் கணவர்

என் உயரம் நாலு அடி ஒன்பது அங்குலம். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை, மறைக்கவும் முடியாது. உயரம் மட்டும் என்றால்கூடச் சமாளித்திருப்பேன். முகமும் அதோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது. முப்பது வயதில் என் முகத்துக்குப் பதின்மூன்று வயதுதான் ஆகியிருந்தது. "உனக்கென்னம்மா, வயசே ஆகாது" என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வயசே ஆகாதவளை உலகம் எந்தப் பெரிய காரியத்துக்கும் சேர்த்துக்கொள்ளாது. ஐஸ்கிரீம் வேண்டுமா என்று மட்டும் கேட்கும்.

கரூரில் நான் படித்த பள்ளியில் பிரேயருக்கு உயர வரிசைப்படி நிற்க வேண்டும். பன்னிரண்டு வருடமும் நான்தான் முதல் ஆள். ஆண்டு விழா நாடகத்தில் எனக்கு எப்போதும் குழந்தை வேஷம்தான். பிளஸ் டூ படிக்கும்போதுகூடத் தொட்டிலில் படுத்திருந்தேன். (வசனம், "குவா, குவா". பாவனை பிரமாதம் என்று தலைமையாசிரியை மேடையிலேயே பாராட்டினார். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.)

பி.எட். முடித்து அதே ஊரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். முதல் நாள் சுடிதாரில் போன என்னை வாட்ச்மேன் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போகச் சொன்னார். அங்கிருந்த தலைமையாசிரியை நடைமுறை தெரிந்தவர். "நாளைலேருந்து காட்டன் புடவை கட்டிட்டு வாம்மா. இல்லேன்னா பசங்க உன்னையும் சேத்து விளையாடக் கூப்பிடுவாங்க" என்றார். கட்டினேன். மறுநாள் அதே வாட்ச்மேன் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். அதே உயரம், அதே முகம், கூட ஐந்தரை மீட்டர் துணி, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு முரளியைக் கல்யாணம் செய்துகொண்டு சிட்னி வந்தேன். முரளிக்கு ஐந்து அடி பத்து அங்குலம். கம்ப்யூட்டர் வேலை அவர் நெற்றியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிக்கொண்டே போனது. முப்பத்து நாலு வயதில் நாற்பத்தெட்டு போல இருப்பார். நாங்கள் டூங்கபியில் வாடகை வீட்டில் இருந்தோம். பக்கத்துக் கடைக்கு நான் தனியாகப் போனால், கடைக்காரர் "அப்பா வரலையா?" என்று அன்பாக விசாரிப்பார். அவர் விசாரித்தது முரளியை.

என் பட்டத்தை இந்த நாட்டில் செல்லுபடியாக்கி, டீச்சராகப் பதிவு செய்துகொள்ள இரண்டு வருடம் ஆனது. அதுவரை கிரவீனில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். (கீழ்த்தட்டுப் பெட்டிகளுக்கு மட்டும்.) ஒரு வழியாகக் கேஷுவல் டீச்சர் பட்டியலில் பெயர் ஏறியது. யாராவது ஆசிரியர் லீவு போட்டால் அன்று காலையில் நம்மைக் கூப்பிடுவார்கள். போய் ஒரு நாள் பாடம் எடுக்க வேண்டும். பிடித்துப்போனால் திரும்பக் கூப்பிடுவார்கள், பிடிக்காவிட்டால் அந்த போன் மறுபடி அடிக்காது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை கணக்குச் சொல்லிக்கொடுப்பது. அது கைவிட்டுப் போய்விடுமோ என்று இரண்டு வருடமாகப் பயந்து கிடந்தேன்.

என்ன உடுத்திக்கொண்டு போவது என்ற கேள்விக்கு முரளிதான் பதில் சொன்னார்.

"புடவையெல்லாம் வேண்டாம் தாரணி. இங்க புடவை கட்டிட்டுப் போனா கலை நிகழ்ச்சிக்கு வந்திருக்கேன்னு நினைச்சு மைக்கைக் கையில குடுத்துடுவாங்க. ஃபார்மலாப் போ. வெள்ளைச் சட்டை, நேவி ப்ளூ பேன்ட். என்னோட எல்லா இன்டர்வியூவுக்கும் அதான்."

கடையில் பெண்கள் பிரிவில் எந்த பேன்ட்டைப் போட்டாலும் ஒரு முழம் தரையில் இழுபட்டது. அங்கே வேலை செய்த பெண் இரக்கப்பட்டு என்னை வேறொரு பக்கம் அழைத்துப் போனாள். மேலே 'பள்ளிக்குத் திரும்புவோம்' என்று ஆங்கிலத்தில் ஒரு பெரிய பலகை தொங்கியது. நான் பள்ளிக்குத்தானே போகப்போகிறேன்? எனக்காகவே எழுதி வைத்தது போல இருக்கிறதே என்று பூரித்துப்போனேன். அங்கிருந்த நேவி ப்ளூ பேன்ட் தைத்து வைத்தது போலப் பொருந்தியது. இடுப்பில் எலாஸ்டிக். முழங்காலில் இரட்டைத் துணி.

"முழங்கால்ல எதுக்குங்க டபுள் துணி?" என்று கேட்டேன்.

"ஸ்ட்ராங்கா இருக்கும்" என்றார் முரளி.

நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். எந்த டீச்சர் முழங்காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு பாடம் எடுக்கிறாள்? யோசிக்கவில்லை. இஸ்திரி போட்டு அலமாரியில் மாட்டி வைத்துவிட்டு, தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு அந்த போன் வந்தது. பெயர் சொல்லாமல் விட்டுவிடுகிறேன், மேற்கு சிட்னியில் ஒரு உயர்நிலைப் பள்ளி. "இயர் நைன் கணக்கு. பி பிளாக், பன்னிரண்டாம் அறை. இன்று நன்றாகப் போனால் டேர்ம் முழுவதும் நீங்களே வரலாம்" என்றாள் ஒருத்தி. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இரண்டு வயது மகள் நிலாவைக் காப்பகத்தில் விடும் பொறுப்பை முரளி தலையில் கட்டினேன். கறுப்பு ஷூ கடித்ததால் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டேன். முதுகுப் பையில் எலுமிச்சை சாதத்தையும் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலையும் திணித்துக்கொண்டு ஓடினேன்.

இரண்டாவது பஸ்ஸில்தான் அந்த விபரீதத்தைப் பார்த்தேன். பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் என் பேன்ட்டைப் போட்டிருந்தார்கள்.

மேலே வெள்ளைச் சட்டை, கீழே நேவி ப்ளூ, முதுகில் பை. பக்கத்தில் நின்ற ஒருத்தி என்னைப் பார்த்து, "சயின்ஸ் ஹோம்வொர்க் முடிச்சிட்டியா?" என்று கவலையோடு கேட்டாள். அன்று பார்த்துச் சாலையில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். பஸ் இருபது நிமிடம் அசையவில்லை. நாங்கள் (ஆமாம், நாங்கள்) பள்ளிக்குள் நுழையும்போது மணி அடித்து முடித்திருந்தது.

வாசலில் உயரமான, சிவந்த முகத்துக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் விசில், கையில் ஒரு சீட்டுப் புத்தகம். அவர் முன்னால் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நான் கரூர்க்காரி, வரிசையைப் பார்த்தால் கால் தானாகக் கடைசியில் போய் நின்றுகொள்ளும். நின்றுகொண்டது. என் முறை வந்தபோது அவர் டெபுடி பிரின்சிபால் என்பது சட்டையில் குத்தியிருந்த பெயரட்டையில் தெரிந்தது. என் கைகள் இரண்டும் தாமாகவே கட்டிக்கொண்டன.

"குட் மார்னிங் சார்" என்றேன்.

இங்கேதான் என் தலைவிதி எழுதப்பட்டது. ஆஸ்திரேலியாவில் ஒரு ஆசிரியர் இன்னொரு ஆசிரியரை 'சார்' என்று கூப்பிட மாட்டார். பிரின்சிபாலையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். 'சார்' என்று சொல்லும் ஒரே உயிரினம் மாணவர்கள்தான். இது எனக்கு அன்று தெரியாது. நான் பேசிய ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு சாரைக் கட்டிவிட்டேன்.

"லேட்" என்றார் அவர்.

"ஸாரி சார். பஸ் லேட் சார்."

"எந்த இயர்?"

"இயர் நைன் சார்."

"உன்னைப் பார்த்ததே இல்லையே. புதுசா?"

"முதல் நாள் சார்."

"பெயர்?"

"தாரணி எஸ்., சார்."

"எஸ் என்றால்?"

"எஸ் மட்டும்தான் சார்." எங்கள் ஊரில் அப்பா பெயருக்கு ஒரு எழுத்துத்தான் இடம். பாஸ்போர்ட்டிலும் அந்த ஒற்றை எழுத்தே குடும்பப் பெயராக உட்கார்ந்துவிட்டது.

அவர் கையிலிருந்த தாளில் விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. "ஆ, இருக்கிறாய். தாரணி எஸ்., இயர் நைன்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அது அன்று சேரவிருந்த புது மாணவிகளின் பட்டியல் என்பதும், அதில் இருந்த இன்னொரு தாரணியின் நீளமான அப்பா பெயர் கட்டத்துக்குள் அடங்காமல் எஸ் என்ற எழுத்தோடு நின்றுபோனது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அவர் என் காலைப் பார்த்தார். "இது சரியான ஷூ இல்லை. தோல் ஷூ, கறுப்பு. வீட்டில் யாரிடம் பேசலாம்?"

இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் அவசரத்துக்கு ஒரு நம்பர் கேட்பார்கள். முரளியின் நம்பரை ஒப்பித்தேன். அவர் சீட்டைக் கிழித்து நீட்டினார். 'தாமதமாக வந்தவர்' என்று தலைப்பு. அடியில், 'பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து'.

நான் முட்டாளா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை, நான் அதைவிட மோசம், எதையும் நல்லவிதமாக எடுத்துக்கொள்ளும் ஆள். லேட்டாக வந்த டீச்சருக்கும் சீட்டு! என்ன ஒரு சமத்துவம், அதனால்தான் இந்த நாடு முன்னேறியிருக்கிறது என்று உள்ளுக்குள் வியந்தேன். கடைசி வரிதான் உறுத்தியது. பெண்பிள்ளை வேலைக்கு வந்தால் வீட்டு ஆம்பளை கையெழுத்துப் போட வேண்டுமா? ஆஸ்திரேலியாவிலுமா? இதைப் பிறகு தட்டிக் கேட்பது என்று முடிவு செய்தேன். (டேர்ம் முழுவதும் வேலை உறுதியான பிறகு.)

"பி பன்னிரண்டு. ஓடு. உன் டீச்சர் வந்து பத்து நிமிஷம் ஆச்சு" என்றார் டெபுடி.

என் டீச்சரா? ஓடிக்கொண்டே யோசித்தேன். சரிதான், முதல் நாள் என்பதால் கணக்குத் துறைத் தலைவி பாடம் எடுப்பார். நான் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். பயிற்சியில் இப்படி ஒரு பாடமே இருந்தது.

அறைக்குள் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. கரும்பலகை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பலகை. அதன் முன்னால், பலகையின் மேல் விளிம்பைத் தொடும் உயரத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கறுப்புக் கோட்டு, கண்ணாடி, கொண்டை. கையில் வருகைப் பதிவுக் கோப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அப்படிப்பட்ட கம்பீரத்தை நான் வாழ்நாளில் ஒரு நாளாவது அடைவேனா என்று ஏக்கமாக இருந்தது.

சீட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். நான் வழக்கம் போல முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் இருந்த பையன், லூகஸ் என்று பெயர், கிசுகிசுத்தான். "புதுசா? ஜாக்கிரதை. இந்த மிஸ் பயங்கர ஸ்ட்ரிக்ட். வந்ததிலிருந்து 'உட்காருங்க, பக்கம் நாற்பத்தேழு' தவிர ஒரு வார்த்தை பேசலை." எனக்கு ஒரு சூயிங்கம்மும் கொடுத்தான். டீச்சர் என்ற முறையில் நான் அதைப் பறிமுதல் செய்திருக்க வேண்டும். வாயில் போட்டுக்கொண்டேன்.

ஐந்து நிமிடம் கழித்துப் பின்னாலிருந்து ஒருத்தி கை தூக்கினாள். "மிஸ், மூன்றாவது கணக்கு புரியலை."

துறைத் தலைவி எச்சில் விழுங்கியதை நான் பார்த்தேன். பலகைப் பக்கம் திரும்பினாள். எக்ஸ் மைனஸ் மூன்று, மொத்தமும் ஸ்கொயர் என்று எழுதினாள். சமக்குறி போட்டாள். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஒன்பது என்று எழுதினாள்.

எனக்குப் பல் கூசியது. யார் என்ன அவமானப்படுத்தினாலும் பொறுத்துக்கொள்வேன். பெண்பிள்ளை வேலைக்கு ஆம்பளை கையெழுத்துக் கேட்டாலும் தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்வேன். நடுவில் இருக்க வேண்டிய மைனஸ் ஆறு எக்ஸை விழுங்கினால் பொறுக்க மாட்டேன். என் கை எழும்பியது.

"மிஸ், நடுவுல ஒரு டேர்ம் விட்டுப்போச்சு."

வகுப்பு மூச்சை இழுத்தது. லூகஸ் தலையை டெஸ்க்கில் வைத்துக்கொண்டான். அந்தக் கம்பீரப் பெண்ணின் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தால், நிம்மதி பொங்கியது. "நீ வந்து செய்யேன். ப்ளீஸ்" என்று பேனாவை நீட்டினாள்.

போனேன். எனக்கு எட்டியது பலகையின் கீழ்ப்பாதிதான். அதில் ஒரு சதுரம் வரைந்தேன். ஒரு பக்கத்தில் மூன்று வெட்டினேன், இன்னொரு பக்கத்தில் மூன்று வெட்டினேன். மூலையை இரண்டு தடவை வெட்டிவிட்டோமே, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்று கேட்டேன். பின்வரிசை தெரியவில்லை என்று எழுந்து நின்றது. பிறகு அங்கேயே டெஸ்க் மேல் ஏறி உட்கார்ந்தது. ஒருவன் "ஓ!" என்றான். அந்த "ஓ!" இருக்கிறதே, அதற்காகத்தான் நான் டீச்சரானேன். இரண்டு வருடமாக ஸ்டிக்கர் ஒட்டிய கை, அன்று பலகையில் பறந்தது. நாலாவது கணக்கு, ஐந்தாவது கணக்கு, கையைத் தூக்கு, நீ சொல்லு, தப்பு, மறுபடி சொல்லு. நான் கவனிக்க வந்தவள் என்பதையே மறந்துபோனேன். துறைத் தலைவி மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து, வாய் திறந்து, நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். என்னை மதிப்பிடுகிறாள் என்று இன்னும் சத்தமாகப் பாடம் எடுத்தேன்.

கதவு திறந்தது. டெபுடி.

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அற்புதம், மிஸ்! முதல் நாளே புதுப்பெண்ணைப் பலகைக்கு அனுப்பிப் பயத்தைப் போக்கிவிட்டீர்கள். அனுபவசாலி!" என்று அவளைப் பாராட்டினார். பிறகு என் பக்கம் குனிந்து, "நீயும்தான் தாரணி. ஷூ மட்டும் சரிசெய்துவிட்டால் உனக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது" என்றார். பாடம் எடுத்தது நான், பாராட்டு அவளுக்கு, எனக்கு எதிர்காலம். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, "தேங்க்யூ சார்" என்றேன்.

"வருகைப் பதிவு எடுத்தாச்சா, மிஸ்?" என்றார் அவர்.

அவள் கோப்பைத் திறந்தாள். ஒவ்வொரு பெயராக வாசித்தாள். கடைசியில் பேனாவால் சேர்த்திருந்த பெயருக்கு வந்ததும் நின்றாள்.

"தாரணி எஸ்."

"யெஸ் மிஸ்" என்றேன் நான்.

அவள் என்னைப் பார்த்தாள். நாற்காலியை விட்டு எழுந்து வந்து, குனிந்து, தமிழில் கேட்டாள். "நீங்கள்... தமிழோ?"

"ஆமா. நீங்களும் தமிழா மேடம்?"

"ஓம். என்ர பேரும் தாரணிதான். நான் ரீச்சர் இல்லை. நான் நைன்ல படிக்க வந்தனான்" என்றாள் ஈழத் தமிழில். கண்ணாடிக்குப் பின்னால் கண்ணீர் நிறைந்துவிட்டது. "போன கிழமைதான் மெல்பனில இருந்து வந்தனாங்கள். யூனிஃபோம் இன்னும் வாங்கேல்ல, அம்மான்ர கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தனான். ஒஃபிஸில 'நான் தாரணி, இயர் நைன்' எண்டனான். அவை கையில ஃபைலைத் தந்து, வகுப்புக்குப் போகச் சொல்லிச்சினம்."

பதினாலு வயது. ஐந்து அடி பத்து அங்குலம். அலுவலகத்தில் அவள் சொன்னதும் வாசலில் நான் சொன்னதும் ஒரே வாக்கியம். பதின்மூன்று அங்குலம் கூட இருந்தவளிடம் கோப்பைக் கொடுத்தார்கள், குறைவாக இருந்தவளிடம் சீட்டைக் கொடுத்தார்கள்.

"அய்யோ, நான்தான்மா டீச்சர்! நீ ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் போனனான். நான் உள்ளுக்கு வந்த உடன எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நேரா இருந்திட்டினம். எனக்குப் பயமாப் போச்சு. ஃபைலில எழுதியிருந்ததை அப்பிடியே வாசிச்சிட்டன்."

டெபுடி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். என் வேலை அந்த நிமிடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. சூயிங்கம்மை விழுங்கிவிட்டு, இருந்த உயரம் முழுவதையும் நிமிர்த்தி, "சார், நான்தான் டீச்சர்" என்றேன்.

அவர் என் தோளில் தட்டினார். "இதுதான் வேண்டும்! இந்தத் தன்னம்பிக்கையை விட்டுவிடாதே!"

ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினேன். பிறந்த தேதியைப் பார்த்தார். உதடு அசைய விரல் விட்டு எண்ணினார். இரண்டாம் தடவையும் எண்ணினார். பிறகு லூகஸின் பக்கத்தில் காலியாக இருந்த என் இடத்தில் உட்கார்ந்தார்.

"ஆனால்," என்றார் பலவீனமாக, "நான் உங்கள் அப்பாவிடம் பேசினேனே."

"என் அப்பா கரூரில் இருக்கிறார் சார்."

"மன்னிப்புக் கேட்டார். சாயங்காலமே ஷூ வாங்கித் தருவதாகச் சொன்னார்."

"அது என் கணவர் சார்."

அந்த வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. டெபுடியின் முகம் எந்தச் சிவப்பிலிருந்து எந்தச் சிவப்புக்குப் போனது என்று சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. மனிதர் நல்லவர். எழுந்து நின்று, எல்லார் முன்னாலும் எங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னிடம், "நீங்கள் யாரென்று தெரியாமலே உங்கள் பாடத்தைப் பாராட்டிவிட்டேன். இனி வாபஸ் வாங்க முடியாது. டேர்ம் முழுவதும் வந்துவிடுங்கள். தயவுசெய்து 'சார்' மட்டும் வேண்டாம்" என்றார்.

"சரி சார்" என்றேன்.

மணி அடித்ததும் வராந்தாவில் தாரணி என்னோடு நடந்து வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினாள். மெல்பனில், கிளென் வேவர்லியில் படித்த பள்ளியில் பியானோ தள்ள வேண்டும் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்களாம். யார் சத்தம் போட்டாலும், "இவ்வளவு பெரியவள், நீயாவது பொறுப்பாக இருக்க வேண்டாமா?" என்று அவளுக்குத்தான் திட்டாம். ஏழு வயதிலேயே அவளைத் தூக்கிக் கொஞ்சுவதை எல்லாரும் நிறுத்திவிட்டார்களாம்.

"ஒருத்தரும் என்னைப் பிள்ளை எண்டு நினைக்கிறேல்ல, மிஸ்."

முப்பது வருடமாக ஒருவரும் என்னைப் பெரியவளாக நினைக்கவில்லையே என்று நான் குமுறிக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் ஒரு குழந்தைக்குக் குழந்தையாக இருக்க அனுமதி கிடைக்கவில்லை. எதையாவது சொல்ல வேண்டும் என்று தவித்தேன். அவள் சொன்ன சொல்லையே எடுத்துக்கொண்டேன்.

"சரி, அடுத்த கிளாஸுக்கு ஓடு பிள்ளை. லேட்டாப் போனா சீட்டுக் குடுப்பாங்க."

அவள் முகம் அப்படியே விரிந்தது. "ஓம் ரீச்சர்" என்று சொல்லிவிட்டு, நீளக் காலால் வராந்தாவில் குதித்துக்கொண்டே ஓடினாள். என்னை இந்த நாட்டில் முதன்முதலாக டீச்சர் என்று கூப்பிட்டது அவள்தான்.

அன்று சாயங்காலம் முரளி கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே பளபளவென்று கறுப்புத் தோல் ஷூ, பள்ளிப் பிள்ளைகள் போடுவது.

"ஸ்கூல்லேருந்து போன் வந்துச்சு தாரணி. செம ஸ்ட்ரிக்ட்டான எடம் போல. நான் ஸாரி சொல்லிட்டேன், நீ கவலைப்படாதே."

"நீங்க யாருன்னு அவர் கேக்கலையா?"

"'நீங்க அப்பாவா'ன்னு கேட்டார். ஆமான்னேன். நான் நிலாவுக்கு அப்பாதானே?" என்றார் முரளி நியாயமாக. "'வீட்டில் கொஞ்சம் கவனியுங்கள்'னார். 'கட்டாயம் கவனிக்கிறேன் சார்'னேன். ஸ்கூல்லேருந்து போன் வந்தா எதிர்த்தா பேச முடியும்?"

இப்படிப்பட்ட மனிதரைக் கட்டிக்கொண்டதால்தான் எனக்கும் கேள்வி கேட்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து சரிந்தார். பிறகு பேனாவை எடுத்து, பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்ற இடத்தில் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டு, சீட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினார். ஷூ அளவு கச்சிதமாக இருந்தது. மூன்று வருடம் போட்டேன்.

நான் இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறேன், இப்போது நிரந்தரமாக. அங்கே ஆசிரியர்கள் எல்லாரும், பிரின்சிபால் உட்பட, கழுத்தில் சிவப்புப் பட்டையில் அடையாள அட்டை மாட்ட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. "நம்மைப் பார்த்தால் டீச்சர் என்று தெரியாதா?" என்று புதிதாகச் சேருகிறவர்கள் முணுமுணுப்பார்கள். டெபுடியும் நானும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்போம். தாரணி இப்போது மெல்பனில் பிசியோதெரபி படிக்கிறாள், ஆறு அடியைத் தாண்டிவிட்டாள். போன் செய்தால் நான் "என்ன பிள்ளை?" என்பேன், அவள் "சொல்லுங்கோ ரீச்சர்" என்பாள்.

போன வாரம் நிலா பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுமதிப் படிவம் கொண்டுவந்தாள். ஒன்பது வயதாகிறது, என் புருவம் வரை வந்துவிட்டாள், அப்பா ஜாடை. நான் பேனாவைத் திறந்தேன். அவள் படிவத்தை மெதுவாக இழுத்துக்கொண்டு, குளிர்சாதனப் பெட்டியில் இன்னும் ஒட்டியிருந்த சீட்டை ஒரு பார்வை பார்த்தாள்.

"நீ சைன் பண்ணா செல்லுமாம்மா? அப்பா வரட்டும். உனக்கும் சேத்து அவரேதானே போடுவார்?"